தாமான் பெயரும் இனத்தின் பெயரும்

(வட்டாரச் செய்திகளும் சமூகப் பார்வையும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இனத்தைப் பற்றியும் குடியிருப்புகளைப் பற்றியும் வட்டாரச் செய்திகள் நம் மனத்தில் எத்தகைய எண்ணங்களை விதைக்கின்றன என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்களிடம் ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகிறேன். கம்போங் மேடான் என்றவுடன் உங்கள் மனத்தில் முதலில் தோன்றுவது என்ன? சிலாயாங் சந்தை என்றால் என்ன? பந்தாய் டாலாம் அடுக்குமாடி என்றால் என்ன? பதில் உடனே வந்திருக்கும். ஆனால், நம்மில் எத்தனை பேர் அந்த இடங்களுக்கு நேரில் போய், அங்குள்ளவர்கள் வீட்டில் ஒரு குவளைத் தேநீர் அருந்தியிருக்கிறோம்? போகாத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியான கருத்து நமக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் செய்தியிலிருந்துதான் வந்தது.

செய்தி வாசிப்பது என் தொழில். ஆகவே, வெளியில் நின்று ஊடகத்தைத் திட்டுகின்ற உரை அல்ல இது. ஒரு செய்தி எப்படித் தயாராகிறது என்பதை உள்ளிருந்து பார்க்கின்ற ஒருத்தியாகச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

இரண்டு கேள்விகள் நிற்கின்றன, இரண்டு விழுந்து விடுகின்றன

பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படிக்கும்போது முதல் வாரத்திலேயே கற்றுக் கொடுத்து விடுவார்கள்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான் அது முழுமையான செய்தி.

ஆனால், அன்றாட வேலையில் நடப்பது என்ன? பிற்பகலில் காவல் துறையின் செய்தியாளர் சந்திப்பு நடக்கிறது. நிருபர் ஒருவர், ஒளிப்பதிவாளர் ஒருவர், மாலைக்குள் முடிக்க வேண்டிய நான்கைந்து செய்திகள். காவல் துறை அதிகாரி சொல்கிறார்: இன்ன இடத்தில், இத்தனை வயதுடைய இந்திய ஆடவர் கைது செய்யப்பட்டார். அது அப்படியே எழுதப்படுகிறது. ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். 'எங்கே' என்பதற்கு ஒரு தாமான் பெயர் கிடைத்து விட்டது. 'யார்' என்பதற்கு ஓர் இனத்தின் பெயர் கிடைத்து விட்டது. 'ஏன்' என்று விசாரிக்க நேரம் இல்லை. அந்த வழக்கு பிறகு என்னவாயிற்று, பிடிபட்டவர் குற்றவாளிதானா, விடுதலையானாரா என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்க ஆள் இல்லை.

இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சொல்லப்பட்டது பொய்யும் அல்ல. ஆனால், 'யார்', 'எங்கே' ஆகிய இரண்டு மட்டும் நின்று, 'ஏன்', 'பிறகு என்ன' ஆகிய இரண்டும் விழுந்து விட்டால், அந்தச் செய்தி ஒரு சம்பவத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. அது ஓர் இனத்துக்கும் ஓர் ஊருக்கும் சூட்டப்படும் பட்டமாகி விடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

பார்க்காத முகத்தைப் பார்த்தவர்கள்

இப்படிப்பட்ட செய்திகளைத் தினமும் பார்த்தால் மனிதர்களின் மனத்தில் என்ன நடக்கும்? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஃபிராங்க்ளின் கிலியம், சாந்தோ ஐயங்கார் என்ற இரண்டு அறிஞர்கள் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வட்டாரத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றைப் பலருக்கும் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு குற்றச் செய்தி இருந்தது. ஒரு குழுவுக்குச் சந்தேக நபரின் முகம் வெள்ளையராகக் காட்டப்பட்டது. இன்னொரு குழுவுக்கு அதே முகம், கணினியில் நிறம் மட்டும் மாற்றப்பட்டு, கறுப்பினத்தவராகக் காட்டப்பட்டது. மூன்றாவது குழுவுக்குச் சந்தேக நபரின் முகமே காட்டப்படவில்லை.

பிறகு, சந்தேக நபரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முகமே காட்டப்படாத அந்த மூன்றாவது குழுவில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் 'பார்த்தோம்' என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் நூற்றுக்கு 70 பேர், தாங்கள் பார்த்தது ஒரு கறுப்பினத்தவரை என்று சொன்னார்கள்!

காட்டாத முகத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்த செய்திகள் அவர்கள் மனத்தில் ஒரு கதையை எழுதி வைத்து விட்டன. குற்றம் என்றால் இப்படி இருக்கும், குற்றவாளி என்றால் இப்படி இருப்பான் என்று. புதுச் செய்தியில் ஓர் இடம் காலியாக இருந்தால், பழைய கதையிலிருந்து ஒரு முகத்தை எடுத்து மனமே அங்கே ஒட்டி விடுகிறது.

இது அமெரிக்காவில் நடந்த ஆய்வு. அந்த நாட்டின் வரலாறு வேறு, நம் நாட்டின் வரலாறு வேறு. இருந்தாலும், கோலாலம்பூரில் வழிப்பறி நடந்தது என்று மட்டும் கேள்விப்பட்டால், நம் மனக்கண்ணில் எந்த முகம் வந்து நிற்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்துக் கொள்ளலாம். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

கம்போங் மேடான்: ஒரு பெயரின் கதை

நம் நாட்டுக்கு வருவோம். 2001 மார்ச் மாதம், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த மோதல்கள் நம் சமுதாயத்துக்கு மறக்க முடியாதவை. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஐவர் இந்தியர்கள், ஒருவர் இந்தோனேசியர். பலர் படுகாயமடைந்தார்கள். அருகருகே நடந்த ஒரு திருமண விருந்துக்கும் ஓர் இறுதிச் சடங்குக்கும் இடையே ஏற்பட்ட தகராறிலிருந்து இது தொடங்கியதாக அப்போது செய்திகள் கூறின.

'எங்கே' தெரிந்து விட்டது. 'யார்' தெரிந்து விட்டது. 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரு திருமணமும் ஓர் இறுதிச் சடங்கும்தானா பதில்? அந்த வட்டாரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, பந்துத் திடல் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அவற்றை விட்டு வெளியேறினார்கள். நகரத்தில் கையில் காசில்லாதவருக்குக் கிடைத்த இடம் புறம்போக்கு நிலத்தில் ஒரு பலகை வீடு, அல்லது நெருக்கடியான மலிவு விலை அடுக்குமாடி, அல்லது தற்காலிகம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டு வைக்கப்பட்ட நீள வீடு. கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த மலாய்க் குடும்பங்களும் அதே இடத்துக்குத்தான் வந்தன. இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் அங்கேதான் வந்தார்கள். மூன்று தரப்பும் ஏழைகள். மூன்று தரப்புக்கும் வடிகால் போதவில்லை, திடல் போதவில்லை, நல்ல வேலை போதவில்லை.

இந்தப் பின்னணியோடு சொல்லியிருந்தால், கம்போங் மேடான் என்ற பெயர் நகர்ப்புற ஏழ்மைக்கு அடையாளமாக நம் நினைவில் பதிந்திருக்கும். பின்னணி பெரும்பாலும் விழுந்து போனதால், அது இனச் சண்டைக்கு அடையாளமாகப் பதிந்து விட்டது. பொது விசாரணை நடத்த வேண்டும் என்று மனித உரிமை ஆணையத்திடம் கோரிக்கை வைக்கப்பட்டது. அத்தகைய விசாரணை நடக்கவில்லை. ஆகவே, 'ஏன்' என்பதற்கு முழுமையான பதில் பொதுமக்கள் முன் வைக்கப்படவே இல்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தியும் பயமும் குடியேறின.

அந்த ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைக்கு இப்போது இருபது வயது தாண்டி விட்டது. வேலைக்கு மனுப் போடும் வயது. அந்த இளைஞர் எந்தச் சண்டையையும் பார்த்தவர் அல்லர். ஆனால், முகவரியைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் புருவம் உயர்வதைப் பார்த்தவர். இப்படிப் பெயர் கெட்டுப் போன வட்டாரங்களில் வசிக்கும் சிலரிடம் பேசியிருக்கிறேன். வேலை விண்ணப்பத்தில் தன் வீட்டு முகவரிக்குப் பதிலாக மாமா வீட்டு முகவரியை எழுதச் சொல்லி மகனை அனுப்பிய தாயார் ஒருவர் உண்டு. "பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறோமே என்று மனசு வலிக்குதும்மா, ஆனா வேற என்ன செய்யறது?" என்றார் அவர். ஒரு பிள்ளை தான் பிறந்து வளர்ந்த இடத்தை மறைத்துத்தான் நல்ல வேலைக்குப் போக முடியும் என்ற நிலையை நாம் சாதாரணமாக எடுத்துக் கொள்ளக் கூடாது.

ஒரே கணக்கு, இரண்டு தலைப்புகள்

அடுத்து, எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டு மாதத்தில் 'ஓப்ஸ் சந்தாஸ்' என்ற பெயரில் குண்டர் கும்பல்களுக்கு எதிரான நடவடிக்கை தீவிரமாக நடந்தது. அந்த மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் மொத்தம் 40,313 பேர் இருப்பதாகவும், அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றும் கூறப்பட்டது. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர்.

மறுநாள் நம் வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். வெட்கம், கோபம், வேதனை. 'மக்கள் தொகையில் ஏழு விழுக்காடு, கும்பலில் எழுபது விழுக்காடு' என்ற வாக்கியம் நாடு முழுக்கச் சுற்றி வந்தது. அது நிச்சயமாகக் கவலைக்குரிய கணக்கு. அதை மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால், அதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு இந்தியர்கள் ஏறக்குறைய 19 லட்சம் பேர். அமைச்சு சொன்ன எண்ணிக்கையை ஒன்று கூடக் குறைக்காமல் அப்படியே ஏற்றுக் கொண்டாலும், 19 லட்சத்தில் 28,926 பேர் என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பேர். மீதி தொண்ணூற்று எட்டரைப் பேர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள்.

'கும்பலில் பெரும்பாலோர் இந்தியர்' என்பது உண்மை என்றால், 'இந்தியரில் மிகப் பெரும்பாலோர்க்குக் கும்பலோடு எந்தத் தொடர்பும் இல்லை' என்பதும் அதே அளவு உண்மை. இரண்டும் ஒரே தாளில் இருந்த எண்களிலிருந்து வருபவை. ஆனால், தலைப்பில் வந்தது முதலாவது மட்டும். கேட்டவர்கள் முதல் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரிந்து கொண்டார்கள். கும்பலில் பெரும்பாலோர் இந்தியர் என்பது, இந்தியரில் பெரும்பாலோர் கும்பல் என்று ஆகி விட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னது சோற்றுக்கு. மனிதர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இனத்தைச் சொல்லாமல் விட்டால், நம் இளைஞர்களின் பிரச்சினை வெளியே தெரியாமல் போய்விடாதா, அரசாங்கத்திடம் உதவி கேட்க ஆதாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஒரு சமுதாயத்தின் நிலையை எடுத்துச் சொல்லும் கட்டுரைக்கு இனவாரியான கணக்கு தேவை. தப்பியோடிய ஒருவரைப் பொதுமக்கள் அடையாளம் காண வேண்டும் என்றால் அவருடைய தோற்றத்தைச் சொல்வதும் தேவை. ஆனால், பிடிபட்டு லாக்கப்பில் இருக்கும் ஒரு திருடனின் இனத்தை அறிவதால் பொதுமக்களுக்கு என்ன பயன்? பிரிட்டனின் பத்திரிகை ஆசிரியர்களுக்கான நெறிமுறையில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. ஒருவரின் இனமோ நிறமோ மதமோ அந்தச் செய்திக்கு உண்மையாகவே தொடர்புடையதாக இருந்தால் ஒழியக் குறிப்பிடக் கூடாது என்பது அதன் சாரம். இனத்தை எப்போதும் மறை என்று அந்த விதி சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறதா என்று முதலில் யோசி என்கிறது.

நாற்காலி விழுந்த செய்தி

இனத்தைப் போலவே குடியிருப்பும் ஒரு முத்திரைதான். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடியில், தாயாருடன் நடந்து வந்த 15 வயது மாணவர் ஒருவர், மேலே இருந்து விழுந்த நாற்காலி தாக்கி உயிரிழந்தார். நாடே கலங்கிய சம்பவம். அடுத்த சில நாள்களுக்கு எல்லா ஊடகங்களிலும் அடிபட்ட வார்த்தை 'மனப்போக்கு'. அடுக்குமாடிக்காரர்களின் மனப்போக்கு சரியில்லை, குப்பையை மேலிருந்து வீசுகிறார்கள் என்று.

வீசியவர் செய்தது மன்னிக்க முடியாத குற்றம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல், ஒருவர் செய்த காரியத்துக்கு அடுக்குமாடியில் வாழும் அத்தனை குடும்பங்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பழுதான மின்தூக்கியில் பழைய தளவாடத்தை எப்படி இறக்குவது, பெரிய பொருள்களைப் போடுவதற்கு இடம் இருக்கிறதா, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதே அளவு உரக்கக் கேட்கப்படவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பமும் அதே வகை வீட்டில் வாழும் குடும்பம்தான் என்பதைக்கூடச் சிலர் மறந்து விட்டார்கள்.

அடுத்த மாதமே, அதாவது 2018 பிப்ரவரியில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குழந்தைகளைப் பற்றியது அது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப் போயிருந்தார்கள். சத்தான உணவு இல்லாததுதான் இதற்கு முக்கியக் காரணம். இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நம் தலைநகரில்!

நாற்காலி செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. குழந்தைகளின் உயரம் பற்றிய செய்தி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நாற்காலி ஒரு நாள் விழுந்தது. பசி தினமும் இருக்கிறது. ஆனால், பசிக்குக் காட்சிப் பதிவு கிடைக்காது. வாசலில் போலீஸ் கார் வந்து நிற்கும்போதுதான் ஒளிப்பதிவுக் கருவியும் அந்தக் குடியிருப்புக்குள் போகிறது. ஆகவே, அந்த இடத்தைத் திரையில் பார்க்கும் போதெல்லாம் போலீஸ் காரையும் சேர்த்தே பார்க்கிறோம்.

நாம் மற்றவருக்குச் செய்வது

இதுவரை நம் மீது விழும் முத்திரையைப் பற்றிப் பேசினேன். நாம் மற்றவர் மீது குத்தும் முத்திரையைப் பற்றியும் பேசாவிட்டால் இந்த உரை நேர்மையாகாது.

கோவிட் காலத்தை எண்ணிப் பாருங்கள். 2020-இல் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவர் தனிமைப்படுத்தல் விதியை மீறியதால் கெடாவில் தொற்று பரவியது. அந்தத் தொற்றுத் திரளுக்குச் 'சிவகங்கா' என்று பெயர் வைக்கப்பட்டது. விதியை மீறியவருக்கு நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அது அவர் செய்த தவற்றுக்கு. ஆனால், சிவகங்கைச் சீமை என்ன தவறு செய்தது? அந்த மாவட்டத்தில் வேர் உள்ள குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். உறவினர் ஊரின் பெயர் ஒரு நோயின் பெயராகச் செய்தியில் அடிபட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? புதிய நோய்களுக்கு இடத்தின் பெயரையோ மக்களின் பெயரையோ சூட்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. நோய்க்குச் சொன்ன அந்த நியாயம் தொற்றுத் திரளுக்கும் பொருந்தும் அல்லவா?

அப்போது நமக்கு வலித்தது. ஆனால், அதே 2020 ஏப்ரலில் சிலாயாங் வட்டாரம் முள்வேலி போட்டு அடைக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் "அந்த மியன்மார்காரர்களால்தான்" என்று புலனத்தில் வந்த செய்தியை நாலு பேருக்கு அனுப்பினோம்? ரோஹிங்யா அகதிகளைப் பற்றி அந்த மாதம் சமூக வலைத்தளங்களில் பரவிய வெறுப்பு வார்த்தைகளை இந்த மேடையில் சொல்லவே கூசுகிறது. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் அடைக்கப்பட்டபோது உள்ளே இருந்தவர்களில் தமிழ் பேசும் தொழிலாளர்களும் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி, ஆவணம் இல்லாதவர்களைப் பிடித்துச் சென்றது. அவர்களை 'அந்நியத் தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விட்டு, அடுத்த செய்திக்குப் போய் விட்டோம். அவர்களுக்கும் பெயர் உண்டு. ஊரில் காத்திருக்கும் தாய் தகப்பன் உண்டு.

நம் தாமானில் ஒரு வீட்டை வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டால், அந்தத் தெருவே கெட்டு விட்டது என்று பேசுகிறோம். 'இந்தியர்களுக்கு வீடு இல்லை' என்று வாடகை விளம்பரத்தில் பார்த்தால் கொதிக்கிறோம். இரண்டும் ஒரே நோய்தான். நமக்கு வந்தால் வலிக்கும், மற்றவருக்கு வந்தால் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. ஆகவே, என்னால் முடிந்த சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, செய்தித் துறையில் இருக்கும் எங்களுக்கு. இனத்தின் பெயரை எழுதுவதற்கு முன் ஒரு விநாடி நின்று, இதை எடுத்து விட்டால் செய்தியில் ஏதேனும் குறையுமா என்று கேட்போம். குறையாது என்றால் எடுத்து விடுவோம். ஒரு தாமானில் குற்றம் நடந்ததைச் சொன்னால், அதே தாமானுக்குக் குற்றம் நடக்காத ஒரு நாளிலும் போய் வருவோம். அங்கே மாலை நேர இலவசப் பாட வகுப்பு நடத்தும் இளைஞர் இருப்பார். மின்தூக்கிக்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதும் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் இருப்பார். அவையும் வட்டாரச் செய்திதான். கைது செய்யப்பட்டதைத் தலைப்பில் போட்டோம் என்றால், விடுதலையானதையும் மக்கள் கண்ணில் படும் இடத்தில் போடுவோம். மலேசிய ஊடக மன்றச் சட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனத்தையும் இடத்தையும் எப்படிக் குறிப்பிடுவது என்பதை ஊடகங்கள் தாங்களே கூடிப் பேசி வகுத்துக் கொள்ள இது நல்ல தருணம்.

இரண்டாவது, வாசகர்களாகவும் நேயர்களாகவும் இருக்கும் உங்களுக்கு. ஒரு செய்தியைப் படித்தவுடன் 'ஏன்', 'பிறகு என்ன' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லை என்றால், அது அரைச் செய்தி என்று எடுத்துக் கொள்ளுங்கள். அரைச் செய்தியை வைத்து முழுத் தீர்ப்பு எழுதாதீர்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுங்கள், தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நேயர் கேட்ட ஒரு கேள்வி, செய்தியறைக் கூட்டத்தில் பத்து கருத்தரங்குகளைவிட அதிக வேலை செய்யும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். கைப்பேசியில் வரும் காணொளியை அனுப்புவதற்கு முன், இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய சண்டையின் காணொளி, புது ஊரின் பெயரோடு சுற்றி வருவது இப்போது சர்வசாதாரணம்.

மூன்றாவது, பெயர் கெட்டுப் போன வட்டாரங்களில் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு. உங்கள் இடத்தின் கதையை மற்றவர் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். தோட்டத்திலிருந்து எந்த ஆண்டு வெளியேறினோம், எத்தனை ஆண்டு பலகை வீட்டில் இருந்தோம், கோயிலை யார் கட்டினார்கள், முதன்முதலில் பல்கலைக்கழகம் போன பிள்ளை யார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளை வரவேற்கின்றன. நிருபர் ஒருவர் வரும்போது கையில் கொடுப்பதற்கு உங்களிடம் ஒரு வரலாறு இருந்தால், அவருக்கும் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முகவரியை மறைத்து எழுதச் சொன்ன அந்தத் தாயாரின் மகனுக்கு இப்போது வேலை கிடைத்து விட்டது. நல்ல நிறுவனம், நல்ல சம்பளம். ஆனால், உடன் வேலை செய்பவர்களை இன்னும் வீட்டுக்கு அழைக்கவில்லையாம். ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு நண்பர்களைத் தயங்காமல் கூப்பிடும் உரிமை கூட ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போவதற்கு, நாங்கள் வாசிக்கும் ஒன்றரை நிமிடச் செய்தியும் ஒரு காரணம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பொறுப்பு எங்களுடையது. அதைக் கேட்டுவிட்டு என்ன நினைக்கிறோம், அடுத்தவரிடம் என்ன சொல்கிறோம் என்பது நம் எல்லாருடைய பொறுப்பு.